மஞ்சள் கோடு வளைந்த இடம்

எங்கள் கம்பெனியின் தையல் ஹாலில், தரையில் ஒரு மஞ்சள் கோடு ஓடும். வாசலில் தொடங்கி, சுவரோரம் ஒரு ஆள் நடக்க வழி விட்டு நேராகப் போகும். கிழக்குப் பக்கத்தில் மட்டும் உள்ளே வளைந்து, ஒரு மேசையை வெளியே விட்டுவிட்டு, மறுபடி நேராகிவிடும்.

அந்த வளைவைப் பற்றிக் கேட்க, குவாலிட்டியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"ஏனுங்க பெரியவரே, அந்த எடத்துல மட்டும் கோடு ஏனுங்க கோணையா இருக்குது? சரக்கு வாங்கற புதுப் பையர் பாக்க வர்றாங்க. நேரா அடிச்சரலாம்னு இருக்கறோம்."

"அடிச்சறாதீங்க."

"ஏனுங்க?"

எனக்கு நீளமாகப் பேச வராது. டீ கொடுத்தேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நான் படித்தது ஐந்தாவது வரை. அதுவும் வேறு நாட்டில். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தாத்தா காலத்தில் போனவர்கள். அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவார். அம்மா கொழுந்து எடுப்பாள். இரண்டு அரசாங்கமும் பேசி, இவர்கள் இந்தியாவுக்கு, இவர்கள் இங்கேயே என்று பிரித்தார்கள். எங்களுக்கு இந்தியா விழுந்தது. அக்காவுக்குக் கல்யாணமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு இலங்கை விழுந்தது. அதனால் அவளுக்கும் இலங்கை.

கப்பலில் வந்தோம். மண்டபம் முகாமில் கொஞ்ச காலம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கை பார்த்து வேலை கொடுக்கிறார்கள், ஊர் கேட்பதில்லை என்று முகாமில் ஒருவர் சொன்னார். வந்துவிட்டோம். ஊரும் கேட்டார்கள். சிலோன் என்றால், "அப்புடீங்களா" என்று சொல்லி வேலை கொடுத்தார்கள். டெய்லர் தைத்துப் போடுவதை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை முதலில். பிறகு கட்டிங் மேசை. கட்டிங் என்றால் நின்றுகொண்டே செய்வது. பாதி ஆயுசு நின்றேன். இடது முழங்கால் போய்விட்டது. அந்தச் சமயத்தில்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டு ஊசி மேசையில் உட்கார வைத்தார்.

"பேசாத ஆளு வேணுமுங்க முத்தையா. ஊசி ஒடஞ்சா எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவாங்க" என்றார்.

ஊசி மேசை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். வெளியில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தைக்கும்போது ஊசி உடைவது தினமும் நடப்பது. பெரியவர்கள் போடும் பனியனுக்கு அந்தக் காலத்தில் யாரும் கவலைப்பட்டதில்லை. கைக்குழந்தை உடுப்பு தைக்க ஆரம்பித்த பிறகு நிலைமை மாறியது. அரிசி நொய் அளவு முனை உள்ளே தங்கினால் போதும். எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தை அழும். எதற்கு அழுகிறது என்று யாருக்கும் தெரியாது.

ஊசி உடைந்தால் டெய்லர் எழுந்திருக்கக் கூடாது. மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். அசைந்தால் துண்டும் அசையும். நான் கைக்காந்தத்தோடு போவேன். முதலில் மெஷின் தகடு. பிறகு தைத்துக்கொண்டிருந்த பீஸ். பிறகு மடி, கை, தரை, செருப்பு. பெண்கள் என்றால் மடியையும் முடியையும் பக்கத்து மெஷின்காரி பார்ப்பாள். கிடைத்த துண்டுகளை வெள்ளைத் தாளில் டேப் வைத்து ஒட்டுவேன். தண்டு, காது, முனை. பக்கத்தில் ஒரு முழு ஊசியை வைத்து நீளம் பார்ப்பேன். சேர்ந்தால் புது ஊசி கொடுப்பேன். சேராவிட்டால் அந்த மெஷினில் இருந்த துணிக் கட்டு முழுவதும் மூடி போட்ட பெட்டிக்குப் போகும். அங்கிருந்து, இரும்பு இருந்தால் சத்தம் போடும் டிடெக்டர் மெஷின். அதிலும் அகப்படாவிட்டால் கட்டை வெட்டிப் போட்டுவிட வேண்டும். இதில் முதலாளி பேச்சும் செல்லாது. அப்படி அவரே சொல்லி வைத்திருந்தார்.

மஞ்சள் கோடு இதற்காக வந்ததுதான். கோட்டுக்குள் தையல். உள்ளே வருகிறவர் மேல் உலோகம் எதுவும் கூடாது. தாலிக்கு மட்டும் விலக்கு. ஆனால் தாலிக்கொடியில் ஊக்கு மாட்டியிருக்கக் கூடாது. அதைச் சொன்ன வாரம் ஹால் ரெண்டுபட்டது. பிளாட்லாக் மெஷினில் ஜெயராணி என்று ஒரு பெண். திருச்செந்தூர்ப் பக்கம். யாருக்கும் பயப்படாத வாய்.

"ஏண்ணே, ஊக்கு இல்லாம பொம்பள எப்படி இருக்கது? முந்தானை நழுவிச்சின்னா நீங்க வந்து பிடிப்பீகளா?"

"கோட்டுக்கு வெளியில தட்டு வெச்சிருக்கு. அதுல போட்டுட்டு வாங்க."

"நான் என்ன கேட்டேன், இவுக என்ன சொல்லுதாக பாரு!"

சிரித்தார்கள். ஊக்கைக் கழற்றினார்கள்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூலனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். முருங்கைத் தோட்டம் உண்டு. காய் இறங்கும் காலத்தில் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கேண்டீனில் போடுவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் 'ங்க' இன்னும் இரண்டு கூடும். அவர் தையல் ஹாலுக்குள் வந்ததே இல்லை. கோடு வரை வருவார். செருப்பு நுனி கோட்டைத் தொடும். அங்கேயே நின்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். யாரிடம் பேச வேண்டுமோ அவர் கோட்டுக்கு வருவார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். வாட்சைக் கழற்றலாம், சாவிக்கொத்தை வைக்கலாம். இடுப்பில் வெள்ளி அரணாக்கொடி. "ஆம்பள உசுரோட இருக்கற வரைக்கும் அதக் கழட்டறது இல்லீங்க" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். வேட்டிக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் வர மாட்டார்.

பூர்ணிமா வந்தது அதற்குப் பிறகு. மேற்கு வங்காளத்துப் பெண். புருஷன் தபன் எங்கள் கம்பெனியிலேயே அயர்ன் செக்‌ஷன். ஒரு மகள். பக்கத்துப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் சேர்த்திருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலை செய்தால் கம்பெனி ஓர் அறை கொடுக்கும். அந்த அறையில் இருந்தார்கள்.

முதல் நாள் கோட்டருகே வந்தாள். வெள்ளைச் சங்கு வளையல்களை, மெஷினில் பட்டு உடையும் என்று, கழற்றித் தட்டில் வைத்தாள். அடியில் ஒரு இரும்பு வளையல். அதைக் கழற்றவில்லை.

"அதையும் வைம்மா."

"லோஹா. கழட்டாது அண்ணா."

"ஏன்?"

"புருஷன் இருக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் பக்கத்தில் அதுதான் தாலி. ஆனால் தாலி தங்கம், காந்தம் பிடிக்காது. இது இரும்பு.

நான் அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஞாபகம் வந்தது வேறு ஒரு கை.

தலைமன்னாரில் கப்பலேறும் முன் நகை, வெள்ளி கொண்டுபோகிறார்களா என்று ஒரு கொட்டகையில் சோதனை போட்டார்கள். அம்மா கையில் ஒரு வெள்ளிக் காப்பு. ஜோடியில் ஒன்று. இன்னொன்றை அட்டன் ஸ்டேஷனில், கோச்சி கிளம்பும் முன் அக்கா கையில் போட்டுவிட்டு வந்திருந்தாள். மேசையில் இருந்த அதிகாரி சிங்களவர். காப்பைக் காட்டி, கழற்று என்றார்.

"கழலாதுங்க ஐயா" என்றாள் அம்மா.

இழுத்தும் காட்டினாள். எலும்பைத் தாண்டவில்லை. அவர் மேசையில் ஒரு அரம் இருந்தது. எடுத்தார். அம்மா கையை நீட்டினாள். அழவில்லை. அவர் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார். மலையில் கொழுந்து கிள்ளின கை, விரலெல்லாம் கறை. அரத்தைக் கீழே வைத்தார். அம்மா தலையில் கட்டியிருந்த துணியைக் காட்டினார்.

"கட்டு. காயம்தானே? துணி கட்டு. போ."

அப்பா துணியைக் கிழித்துச் சுற்றினார். அந்தக் கட்டோடு கடலைத் தாண்டினாள். மண்டபத்தில்தான் அவிழ்த்தாள். திருப்பூரில் செத்தபோதும் காப்பு கையில் இருந்தது. அதோடேயே அடக்கம் செய்தோம். அக்கா இன்னும் இருக்கிறாள். போனில் படம் தெரியப் பேசும்போது, கடைசியில் கையைத் திருப்பி ஒரு தடவை காட்டிவிட்டு வைப்பாள்.

பூர்ணிமாவைக் கோட்டிலேயே நிற்கச் சொல்லிவிட்டு மேனேஜரிடம் போனேன். கோயமுத்தூர்ப் பிள்ளை, நல்ல மாதிரி. துணி சுற்றினால் போதுமா என்று கேட்டேன். யோசித்தார்.

"மூடியே இருக்கணுமுங்கண்ணா. பீஸ்ல ஒரசக் கூடாது."

கழுத்துப் பட்டைக்கு வைக்கும் ரிப் துணியில் ஒரு பட்டை வெட்டினேன். வளையலைச் சுற்றி நானே தைத்துக் கொடுத்தேன். பூர்ணிமா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெஷினில் போய் உட்கார்ந்தாள். நல்ல டெய்லர். கை வேகம். ஒரு வருடத்துக்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லை.

கோடு வளைந்த அந்த நாள் கைக்குழந்தை ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன் பூர்ணிமா கையைத் தூக்கினாள்.

"அண்ணா, நிடில் போச்சு."

போனேன். தண்டு மெஷினிலேயே இருந்தது. காதுத் துண்டு தகட்டின்மேல். முனை இல்லை. பீஸில் இல்லை. மடியில் இல்லை. ஜெயராணி வந்து முடியைக் கோதிப் பார்த்தாள். இல்லை. தரையில் காந்தத்தை ஓட்டினேன். செருப்பைப் பார்த்தேன். கட்டைப் பெட்டியில் போட்டு டிடெக்டருக்கு அனுப்பினேன். சத்தமே வரவில்லை.

மேனேஜர் லைனை நிறுத்தினார். முன் மெஷின், பின் மெஷின் கட்டுகளும் பெட்டிக்குப் போயின. அதிலும் இல்லை. ஹால் முழுக்க மெஷின் சத்தம் நின்று, ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. முதலாளி கோட்டுக்கு வந்து நின்றார்.

"முத்தையா, கெடச்சுதுங்களா?"

"இல்லீங்க."

"தேடுங்க. அவசரமில்லீங்க."

அவசரம் இருந்தது. அவர் சொல்லவில்லை.

பூர்ணிமா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவும் போகவில்லை. நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். தகடு, பீஸ், மடி, கை. கைக்கு வந்ததும் காந்தம் வளையலை இழுத்தது. எப்போதும் இழுக்கும், இரும்பல்லவா. அதனால் அந்த இடத்தில் காந்தத்தைத் தூக்கிக்கொண்டு தாண்டிவிடுவது எனக்குப் பழக்கம். கொஞ்ச நேரத்துக்கு முன்பும் அப்படித்தான் தாண்டியிருந்தேன்.

"துணிய அவிழ்க்கட்டுமா?" என்றேன்.

தலையாட்டினாள். தையலைப் பிரித்தேன். ரிப்பின் மடிப்புக்குள், வளையலை ஒட்டி, முனை.

டேப்பில் ஒட்டினேன். தண்டு, காது, முனை. பக்கத்தில் முழு ஊசி. நீளம் சரி. ஜெயராணி, "மாதாவே" என்று சொல்லித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். லைன் ஓட ஆரம்பித்தது.

பூர்ணிமாவின் மெஷின் மட்டும் ஓடவில்லை. மேனேஜர் அவளையும் என்னையும் முதலாளி முன்னால், கோட்டுக்குக் கூப்பிட்டார். தபனும் அயர்ன் செக்‌ஷனிலிருந்து ஓடி வந்திருந்தான். ஜெயராணியை யாரும் கூப்பிடவில்லை. அவளும் வந்து நின்றாள்.

"முனை கெடச்சது சந்தோசமுங்க" என்றார் மேனேஜர். "ஆனா இந்த வளையல் இனி உள்ள வரக்கூடாதுங்க. இன்னிக்குத் துணிக்குள்ள போன முனை, நாளைக்குத் துணியிலிருந்து கொழந்த சட்டைக்குள்ள போவும்."

அவர் சொன்னது சரி.

தபன் கும்பிட்டுவிட்டு மனைவியிடம் திரும்பினான். இத்தனை பேர் முன்னால் என்பதால் தமிழிலேயே சொன்னான்.

"நானே சொல்றேன், கழட்டு. நான் சாக மாட்டேன்."

"நீ சொன்னா ஆச்சா? நீ டாக்டரா?"

ஜெயராணி வாயைப் பொத்திக்கொண்டாள். பூர்ணிமா சிரிக்கவில்லை.

"கழட்டாது சார். வேலை வேணாம்."

வேலை போனால் அறை போகும். அறை போனால் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். தபன் மட்டும் ஆண்கள் ஹாஸ்டலில் கிடப்பான். அது அவளுக்குத் தெரியும். சொல்லும்போது ஒரு கையால் மறு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ரோசனை பண்ணிப் பாரு கண்ணு" என்றார் முதலாளி.

"பண்ணியாச்சு சார்."

ஜெயராணிதான் பேசினாள்.

"மொதலாளி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டீகளே?"

"சொல்லுங்க."

"நீங்க அரணாக்கொடியோட கோட்டுக்கு அந்தாண்ட நின்னே இம்புட்டுப் பெரிய கம்பெனிய நடத்துதீக. இவ ஒத்த வளையலோட அந்தாண்ட இருந்து ஒரு வேல பாக்க முடியாதாக்கும்?"

மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. முதலாளி குனிந்து தன் செருப்பு நுனியைப் பார்த்தார். வயிறு குலுங்கியது. பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"கேட்டீங்களா மேனேஜர்? வெளியில என்னங்க வேலை இருக்குது?"

"நூல் குடோனுங்க. மூட்டை தூக்கற வேலை. ரெண்டு மாசத்துல ஓடிப் போயிரும் இந்தப் புள்ள."

"ஊசி மேசை இருக்குங்க" என்றேன் நான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அது உள்ளதானுங்கண்ணா இருக்குது?"

"சுவர் ஓரந்தானுங்க. கோட்டை வளைச்சு அடிச்சா வெளியில போயிரும். டெய்லர் யாரும் மேசைக்கு வர்றதில்ல. கையத் தூக்கினா ஆள் போகணும், அவ்வளவுதான். போறதுக்கு ஒரு ஆள், மேசைக்கு ஒரு ஆள்."

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு நான் பேசினதில்லை.

"மேசைக்கு இந்தப் புள்ள. போறதுக்கு யாருங்க?" என்றார் முதலாளி.

"நானுங்க. தரைக் காந்தமும் நானே ஓட்டிக்கிறேன்."

தரைக் காந்தம் என்பது நீளக் கைப்பிடி வைத்தது. மெஷின் சந்துகளில் நாள் முழுவதும் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும்.

"உங்க காலுங்க?"

"நடக்கறது நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. முதலாளி என் முழங்காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதைக் கேட்கவில்லை.

"பையர் கேட்டா என்னங்க சொல்றது?" என்றார் மேனேஜர்.

"ரூல் என்னங்க சொல்லுது? கோட்டுக்குள்ள உலோகம் ஆகாது. செரிங்களா? மேசை கோட்டுக்கு வெளியில இருக்குது. செரிங்களா? அப்பறம் என்னங்க? பெயிண்ட்டு இருக்குதுங்களா?"

பெயிண்ட் இருந்தது. பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு அன்று சாயங்காலமே வளைத்து அடித்தார்கள். அடித்தவனுக்கு வளைவு சரியாக வரவில்லை. நீங்கள் கோணல் என்று சொன்னது அதைத்தான்.

பூர்ணிமாவுக்கு எல்லாம் புரிய நேரமாயிற்று. தபன் அவர்கள் பாஷையில் சொன்னான். கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, இது உங்க சேர்."

"உன்னோடதும்மா. கால் ஒண்ணு ஆடும். அட்டை மடிச்சு வெச்சுக்க."

வேலையை ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டாள். டேப் ஒட்டுவதில் என்னைவிடச் சுத்தம். மெஷின் நம்பரையும் டெய்லர் பெயரையும் தமிழில் எழுத வேண்டும். மகளின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக் கற்றுக்கொண்டாள். தப்பாக எழுதினால் மகள் திட்டுவாளாம். நாள் முழுவதும் காந்தத்தின் பக்கத்திலேயே கை இருந்ததில் வளையலுக்கும் காந்தம் ஏறிவிட்டது. தட்டின்மேல் கையைக் கொண்டுபோனால் ஊசித் துண்டு ஒட்டிக்கொண்டு வரும். "பூர்ணிமா, எம் புருசனும் வீட்டுக்கு வரமாட்டேங்கான், ஒரு தடவ கைய நீட்டு" என்பாள் ஜெயராணி.

நான் ஓய்வு பெறும் வரை தரைக் காந்தம் ஓட்டினேன். கால் வலித்தது. வலித்தால் வளைவருகே போய் நிற்பேன். அவள் உள்ளே வர முடியாது. மேசைக்கடியில் இருக்கும் ஸ்டூலைக் காலால் கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளிவிடுவாள். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மறுபடி தள்ளிக்கொண்டு போவேன்.

முதலாளி இப்போது இல்லை. அரணாக்கொடியைக் கடைசியில் கழற்றினார்களா என்று நான் கேட்கவில்லை.

பிள்ளைகளே, நீங்கள் கேட்டதற்கு இவ்வளவுதான் பதில். புதுப் பையர் கேட்டால், முதலாளி சொன்னதையே சொல்லுங்கள். ரூல் மாறவில்லை. கோடுதான் நகர்ந்தது. இல்லை, நேராகத்தான் வேண்டும் என்றால் என்னிடம் கேட்க வேண்டியதில்லை. மேசையில் இருக்கிறவளைக் கேளுங்கள். மஞ்சள் பெயிண்ட் டப்பா அவள் மேசைக்கடியில்தான் இருக்கிறது. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், லைன் நின்ற பிறகு, வெளிப்பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்து அந்த வளைவை அவள்தான் புதிதாக அடிக்கிறாள். கோணலைக்கூடத் திருத்துவதில்லை. பழைய தடத்தின் மேலேயே அடிக்கிறாள்.